மஞ்சள் படம், சுண்ணாம்புக் கோடு

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். அவசரப்பட்டு சோப்பைத் தேய்த்தால் கறை செக்கச்செவேலென்று சிவந்து பயமுறுத்தும். அலசி மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் கறை இருந்த இடமே தெரியாது. மஞ்சளின் நிறச்சத்தான குர்குமினுக்குக் காரம் (சோப்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள ஆல்கலி) பட்டால் சிவக்கும், வெளிச்சம் பட்டால் சிதையும். இந்த இரண்டு குணங்களை மட்டும் நம்பி ஒரு பழைய புகைப்படத்தை வெயிலில் அச்சிடலாம், அதன்மேல் கோடும் இழுக்கலாம். படமும் நிலைக்காது, கோடும் நிலைக்காது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. வேலையின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

பழைய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும், கையால் வண்ணம் தீட்டிய ஸ்டுடியோ படங்களைக் கவனித்துப் பாருங்கள். அடியிலுள்ள கருப்பு வெள்ளைப் படம் பழுத்து வெளுத்திருக்கும். தீட்டியவர் வைத்த புடவைக் கரையும் மூக்குத்திப் புள்ளியும் நேற்று வைத்தது போலப் பளிச்சென்று இருக்கும். முகம் போய்விட்டது, நகை மிச்சம். 1970, 80-களின் கலர் பிரிண்டுகளுக்கு வேறு நோய்: ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தபடியே சயான் எனும் பச்சைநீலச் சாயம் முதலில் வெளுத்து, கல்யாணப் பந்தி முழுக்கச் செம்மண் நிறமாகிவிடும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஆயுள். அங்கே அது தானாக நடந்தது. இங்கே எது முதலில் போக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

செடிச்சாற்றில் வெயிலால் படம் எடுக்கும் முறைக்கு ஆந்தோடைப் என்று பெயர். கிரேக்கத்தில் ஆந்தோஸ் என்றால் பூ. ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் பூச்சாறுகளைப் பற்றிய சோதனைகளை எழுதினார். நீல அச்சு எனப்படும் சயனோடைப்பும் அதே ஆண்டில் அவரிடமிருந்து வந்ததுதான். நீல அச்சு பிழைத்துக்கொண்டது, பூச்சாற்றுப் படம் பிழைக்கவில்லை. காரணம் எளிது. வெளிச்சத்தால் நிறம் போவதுதான் படத்தை உண்டாக்குகிறது. படம் வந்த பிறகு மட்டும் அந்தக் குணத்தை நிறுத்தச் சொன்னால் எப்படி? கடைக்காரர் கண்ணோட்டத்தில் இது தோல்வி. மறதியைப் பற்றி வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது.

மஞ்சள் வாங்குவதில் ஏமாறாதீர்கள்

பாக்கெட் தூளைவிட, விரலி மஞ்சளை வாங்கி உடைத்து மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது நல்லது. கஸ்தூரி மஞ்சள் வேண்டாம், அதில் நிறச்சத்து மிகக் குறைவு. மலிவான உதிரித் தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைக் கலப்பதுண்டு. உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்ட சாயம் அது. சாப்பாட்டுக்குக் கெடுதல் என்பது ஒருபக்கம், நம் வேலைக்கும் அது எதிரி. குர்குமின் வெளுக்கும் வேகத்தில் அது வெளுக்காது. முழுநாள் வெயிலில் வைத்தும் தாள் எலுமிச்சை மஞ்சளாகவே இருக்கிறதென்றால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள், தூளைச் சந்தேகியுங்கள்.

குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். மொபைல் ரிப்பேர்க்காரர்கள் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இன்னும் சுத்தம். 100 மில்லிக்கு 10 கிராம் தூள், அதாவது குவித்த 3 டீஸ்பூன். மூடிபோட்ட கண்ணாடிப் பாட்டிலில் நன்றாகக் குலுக்கி அரைமணி நேரம் தெளியவிட்டு, காபி ஃபில்டர் தாளிலோ நான்காக மடித்த வேட்டித் துணியிலோ வடிகட்டுங்கள். கசடு தாளில் ஒட்டினால் பிறகு புள்ளி புள்ளியாகத் தெரியும். கை சானிடைசர் ஜெல் உதவாது, வழுவழுப்பாகப் படிந்து காயவே மாட்டேன் என்னும். இந்த வேலையை அடுப்பங்கரையில் செய்யக் கூடாது. ஆவி தீப்பற்றும். ஜன்னல் திறந்த அறை, அணைந்த விளக்கு, அவ்வளவுதான் பாதுகாப்பு.

தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். வாட்டர்கலர் தாள் அல்லது கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாள். சார்ட் பேப்பரின் பளபளப்புப் பக்கம் திரவத்தை உறிஞ்சாது. சில தாள்களில் அமிலத்தைத் தடுக்கச் சுண்ணக் கலப்பு இருக்கும். பூசியவுடன் மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் அதுதான் காரணம்.

பிரஷ்ஷால் பூசினால் ஆல்கஹால் வேகமாகக் காய்ந்து, ஒவ்வொரு இழுப்பும் வரிவரியாக நிற்கும். சிலருக்கு அந்த வரி பிடிக்கும். பிடிக்காதவர்கள் ஒரு தட்டில் ஊற்றித் தாளை முகம் கவிழ்த்து மிதக்கவிட்டு 5 விநாடியில் எடுக்கலாம். காய்ந்ததும் இரண்டாவது பூச்சு. மூன்றாவது பூச்சால் நிறம் ஆழமாகும், ஆனால் வெயில் நேரமும் அதற்கேற்ப நீளும். இரண்டு போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் தாராளமாக வேலை செய்யலாம், ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். பூசுவதற்கு முன் கையைக் கழுவினால் சோப்பு போக நன்றாக அலசுங்கள். இல்லையென்றால் தாளின் ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் ரேகை சிவப்பில் பதிந்திருக்கும்.

வெயிலுக்குப் போகும் முன்

மூலப்படம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில், மொபைலிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதைக் கருப்பு வெள்ளையாக்கி, மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) வழக்கத்தைவிடக் கூட்டுங்கள். மஞ்சளுக்கும் தாளின் வெள்ளைக்கும் இடையே அதிக தூரம் இல்லை, நடுச்சாம்பல்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். நீல அச்சு செய்து பழகியவர்கள் கை தானாக நெகட்டிவ் ஆக்கிவிடும். இங்கே அது தப்பு. வெளிச்சம் பட்ட இடம் வெளுக்கிறது, ஆகவே பாசிட்டிவ் படத்திலிருந்து பாசிட்டிவ் படமே வரும்.

ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) லேசர் பிரிண்ட் எடுங்கள், ஒரே படத்தை 2 ஷீட். லேசர் டோனரின் கருப்பில் ஊசித்துளைகள் இருக்கும். இரண்டு ஷீட்டையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தி டேப் ஒட்டினால்தான் உண்மையான கருப்பு கிடைக்கும். முதல் தடவை ஏ5 அளவைத் தாண்டாதீர்கள்.

அடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் நாலைந்து மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் மஞ்சள் தாள், ஷீட், 4 மில்லிமீட்டர் கண்ணாடி, நாலு பக்கமும் புல்டாக் கிளிப். செய்தித்தாள் மெத்தை போல மேலே தள்ளுவதால் ஷீட் தாளோடு இறுக ஒட்டும். அதை விட்டுவிட்டால் வெயில் சூட்டில் ஷீட் நெளிந்து, அந்த இடத்தில் படம் மங்கலாகும். தாள் முழுக்கக் காயாமல் கண்ணாடிக்குள் வைத்தால் உள்ளே வியர்த்து, திட்டுத் திட்டாக வரும். மழைக்காலத்தில் இதுதான் முதல் எதிரி. வைப்பதற்கு முன் மின்விசிறிக்கடியில், இருட்டில், ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள்.

நேரத்துக்கு அட்டவணை கிடையாது. சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் 2 முதல் 4 மணி நேரம், மார்கழி மப்பில் ஒரு முழு நாளோ இரண்டோ என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். சரியான வழி சோதனைத் துண்டு: ஒரு பட்டைத் தாளை அட்டையால் மூடி, அரை மணிக்கொருமுறை 2 சென்டிமீட்டர் விலக்கிக்கொண்டே வாருங்கள். 6 படிகள் கிடைக்கும். உங்கள் ஊர், உங்கள் தூள், உங்கள் தாள் மூன்றுக்கும் சேர்த்து அதுவே அட்டவணை. படத்தின் ஓரத்தில் ஷீட் மூடாத இடம் தயிர் வெள்ளையாகும்வரை பொறுங்கள். பார்க்க வேண்டுமென்றால் இரண்டு கிளிப்பை மட்டும் எடுத்துப் பாதித் தாளைத் தூக்குங்கள். நாலையும் எடுத்தால் திரும்பப் பொருந்தாது, எல்லா முகத்துக்கும் இரண்டு மூக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு பிரிவு

படம் வந்ததும் இரண்டு வழிகள். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது கிடையாது.

முதல் வழி வெண்காரம், அதாவது போராக்ஸ். நாட்டு மருந்துக்கடையில் கட்டியாகக் கிடைக்கும். பொடித்து, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 1 டீஸ்பூன் கரைத்து ஆறவிடுங்கள். படத்தை ஒரே மூச்சில் அமிழ்த்தி 10 முதல் 15 விநாடியில் எடுத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை காட்டி, நிழலில் காயவையுங்கள். மஞ்சள் செம்பழுப்பாகும், மாறுபாடு சட்டென்று ஏறும். தயங்கித் தயங்கி அமிழ்த்தினால் அலைக்கோடு விழும். அரை நிமிடத்துக்கு மேல் ஊறினால், காரத்தில் குர்குமின் கரையும் என்பதால் படமே தட்டுக்குள் இறங்கிவிடும். வீட்டில் குங்குமம் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மஞ்சளோடு எலுமிச்சைச் சாறும் வெண்காரமும் படிகாரமும் சேர்த்துச் சிவக்கவைத்து நிழலில்தான் உலர்த்துவார்கள். ஏன் நிழல் என்று இப்போது கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, படத்தை மஞ்சளாகவே விட்டு அதன்மேல் சுண்ணாம்பால் வரைவது. வெண்காரம் அழகான படத்தைத் தரும், சுண்ணாம்புதான் பேசும் படத்தைத் தரும் என்பது என் கட்சி.

வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு சுண்டைக்காய் அளவு, தண்ணீர் 50 மில்லி. கலக்கி ஒரு மணி நேரம் வைத்தால் வெள்ளை அடியில் படியும். மேலே நிற்கும் தெளிநீர்தான் மை. பார்க்க வெறும் தண்ணீர். 0 அல்லது 1 எண் பிரஷ்ஷில் தொட்டு, கிண்ண விளிம்பில் வழித்து, முக்கால்வாசி உலர்ந்த பிரஷ்ஷால் மஞ்சள் படத்தின்மேல் கோடு போடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் சேர்ந்தவுடன் வருமே, அந்தச் சிவப்பு. நிப் வேண்டாம், தாளைக் கீறும். பிரஷ் நனைந்திருந்தால் கோடு நரம்பு நரம்பாகப் படரும். குழாயில் வரும் போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருந்தால் பிரஷ்ஷை அலசும் தண்ணீரே தாளைச் சிவக்கவைக்கும். கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கோடு எல்லா இடத்திலும் விழாது. மஞ்சள் மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும்தான் சிவக்கும். வெயில் வெளுத்த இடத்தில் எத்தனை முறை இழுத்தாலும் ஈரம் மட்டும் பட்டுக் காய்ந்துபோகும். அதாவது படத்தின் நிழல்களுக்குள் வரையலாம், வெளிச்சத்துக்குள் வரைய முடியாது. ஒருவரின் தலைமுடியில் தொடங்கிய கோடு கன்னத்தின் வெளிச்சத்தில் வந்து அறுந்துவிடும், தாடைக்குக் கீழே மறுபடி தொடங்கும். பென்சிலுக்கு இந்த ஒழுக்கம் கிடையாது, தெரியாததையும் தெரிந்தது போல வரைந்துவிடும். சுண்ணாம்பு நீரால் முடியாது. பழைய படத்தைப் பார்த்து, "இவருக்கு இடது பக்கம் ஒரு மச்சம் இருக்கும்" என்று நிச்சயமாகச் சொல்லும் பெரியவர்களின் நினைவுக்கும் இதற்கும் உள்ள உறவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தப்பான கோட்டை அழிக்க வினிகர் போதும். பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு ஒற்றினால் சிவப்பு மீண்டும் மஞ்சளுக்குத் திரும்பும். எலுமிச்சைச் சாறும் அதையே செய்யும், ஆனால் அதன் சர்க்கரை தாளில் தங்கி நாளடைவில் பழுப்பேறும், எறும்பும் வரும். அழித்த இடத்தை மூன்றாவது முறை வரைந்தால் மங்கலாகத்தான் வரும், காரம் படும்போதெல்லாம் குர்குமின் கொஞ்சம் சிதைகிறது. சிவப்புக் கோடும் அப்படியே நிற்காது. காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பின் காரத்தைத் தணித்துக்கொண்டே வரும், கோடு சிவப்பிலிருந்து துருநிறத்துக்கு இறங்கி மங்கும். ஆகவே கோட்டின் ஆயுள் படத்தைவிடக் குறைவு.

நிற்க வேண்டியது எது

எல்லாமே மறைந்தால் வெறும் தாள்தான் மிஞ்சும். மறையாத ஒரு பொருள் பக்கத்தில் இருந்தால்தான் மறைவது கண்ணுக்குத் தெரியும். பென்சில் அதற்கு நல்லது: அதன் கிராஃபைட் கார்பன், வெளிச்சத்துக்கு அசையாது. இந்தியன் இங்க்கும் அப்படியே. ஸ்கெட்ச் பேனா, பால்பாயிண்ட், ஜெல் பேனாவை நம்ப முடியாது. அதோடு பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைவதால், அதில் வரைந்துவிட்டுப் பிறகு மஞ்சள் பூசினால் தாள் முழுக்க ஊதா ஓடும்.

பென்சிலை மஞ்சள் பூசுவதற்கு முன்பே வரையலாம். ஆல்கஹால் அதைக் கலைக்காது. அடுப்புக்கரியால் வரைந்தால் கை பட்டதும் உதிரும், உதிர்வது வேண்டுமென்றால் அதுவும் சரிதான். ஆனால் கரி நிற்பதற்காக ஃபிக்ஸேடிவ் ஸ்பிரேயோ ஹேர் ஸ்பிரேயோ அடித்தால் அதிலுள்ள ஆல்கஹால் மஞ்சளைக் கரைத்து ஓடவிடும். ஒரு வாரப் படத்தை ஒரே நொடியில் இழக்க இது சிறந்த வழி.

குடும்பக் குரூப் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லோர் கையும் முதலில் போவது முகத்தை மஞ்சளிலும், நாற்காலி, திரைச்சீலை, ஸ்டுடியோவின் தீட்டிய தூண் ஆகியவற்றைப் பென்சிலிலும் வைப்பதற்கு. சில மாதத்தில் காலி நாற்காலிகள் நிற்கும். உருக்கம்தான், ஆனால் பார்த்த மாத்திரத்தில் விடை தெரிந்துவிடும் புதிர் அது. முகங்களைப் பென்சிலில் கெட்டியாக வைத்துவிட்டு, ஒருவர் தோளில் மற்றவர் வைத்த கைகளை மட்டும் மஞ்சளில் விட்டுப் பாருங்கள். ஆட்கள் இருப்பார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்பது மறைந்துபோகும். அல்லது படத்திலேயே இல்லாத ஒருவரை, படம் எடுத்தவரின் நிழலை, முன்தரையில் பென்சிலில் சேர்க்கலாம். பிரிப்பதற்கு டிரேசிங் தாளில் இரண்டு வண்ணப் பென்சிலால் எது எந்த அடுக்கு என்று குறித்துக்கொண்டு, பென்சிலுக்குப் போகும் பகுதிகளைக் கம்ப்யூட்டரில் படத்திலிருந்து வெள்ளையாக்கிவிட்டு ஷீட் பிரிண்ட் எடுங்கள். பென்சில் அடுக்கை முதலில் வரைந்து, பூசி, ஷீட்டைப் பொருத்தி வெயிலில் வையுங்கள். பென்சில் தானும் வெளிச்சத்தைத் தடுப்பதால் அழுத்தமான கோட்டுக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருக்கும், அது குறையல்ல.

புகைப்படமும் ஓவியமும் கலப்பது புதுமை என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் கேமரா லூசிடா என்ற, காட்சியைத் தாளில் தெரியவைக்கும் வரைகருவியை வைத்து வரையப் பார்த்து, கை வராமல் சலித்துத்தான் புகைப்பட முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் படம் தானே தாளில் பதிந்தால் என்ன என்று யோசித்தார். முதலில் வந்தவற்றுக்கு அவர் வைத்த பெயரே ஒளியால் ஆன வரைபடம் என்ற பொருளில்தான். அவருக்கும் முன்னே, 1802-இல், தாமஸ் வெட்ஜ்வுட்டின் வெள்ளி உப்புப் படங்களை ஹம்ப்ரி டேவி வெளியுலகுக்குச் சொன்னபோது அவற்றை நிலைநிறுத்தும் வழி தெரியவில்லை, பகல் வெளிச்சத்தில் வைத்தால் கருத்துவிடும். 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் தன் காகித நெகட்டிவ்களில் மேகங்களை வண்ணத்தால் தீட்டிச் சேர்த்தார். அன்றைய நெகட்டிவ்களில் வானம் வெறுமையாகத்தான் விழும்.

மறைவதைப் பதிவு செய்வது

சுவரில் மாட்டினால், நேர் வெயில் படாத அறையிலும் சில வாரத்திலேயே மாற்றம் தெரியும். யூவி தடுக்கும் கண்ணாடி போட்டால் காப்பாற்றலாம் என்று ஃபிரேம் கடையில் சொல்வார்கள். பயனில்லை. குர்குமின் முக்கியமாக உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சத்தை, அதைத் தடுத்தால் படமும் நிறம் மாறித்தான் தெரியும். வார்னிஷும் வீண். வைத்துக்கொள்ள விரும்பினால் கருப்பு உறையில், புத்தகத்துக்குள், ஈரம் படாமல். ஒரு ஸ்கேன் எடுப்பதால் குறைந்துவிடாது.

மாட்டப் போகிறீர்களென்றால் வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே விளக்கில் படம் எடுங்கள். மொபைலை ஆட்டோவில் விட்டால் மொத்த உழைப்பும் வீண். வெளுத்த படத்தைக் கேமரா தானே சரிசெய்து, 12 வாரமும் ஒரே மாதிரி காட்டிவிடும். எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்டுங்கள். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் பட்டையை வைத்து எடுத்தால் பிறகு ஒப்பிட முடியும். படத்தின் ஒரு மூலையில் 2 சென்டிமீட்டர் கருப்பு அட்டையை ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதை உரித்தால் முதல் நாள் அங்கே இருக்கும்.

மஞ்சள் அலுத்தால் சங்குப்பூ, செம்பருத்தி, பீட்ரூட், கீரை எல்லாம் உண்டு. சங்குப்பூவை வெந்நீரில் பிழிந்தால் நல்ல நீலம். ஆனால் இவற்றில் பலவும் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வெயில் கேட்கும். சாறும் ஒரே நாளில் புளித்துவிடும். பொறுமைசாலிகளுக்கு.

படம் முழுக்கப் போய்விட்டது, பென்சில் மட்டும் நிற்கிறது என்று தோன்றும் நாளில் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாகத் தெளியவைத்த சுண்ணாம்பு நீரை அகலப் பிரஷ்ஷில் தொட்டு, தாள் முழுக்க ஒரே ஒரு முறை, இடமிருந்து வலமாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் மஞ்சள் மிச்சமிருந்தால் அது ரோஜா நிறத்தில் எழும்பி வரும், ஈரம் காயும்வரை நிற்கும். கேமராவைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரமே மிச்சத்தையும் சிதைத்துவிடும், இரண்டாவது முறை வராது.